வியார்தா வீட்டில் வாராவாரம் பிறந்தநாள்

தியார்தும் ஊரில் வீபெ வியார்தாவுக்கு ஒரே கோடையில் பதினொரு பிறந்தநாள்கள் வந்தன. வயதும் பதினொன்று கூடியது. மே மாதம் முப்பத்து நான்கு வயதுக்காரனாகப் புல் அறுத்தவன், செப்டம்பரில் அதே புல்லை அறுக்கும்போது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அந்த ஆண்டு பாலுக்கு விலை இல்லை, மழை அளவோடு பெய்தது, கால்வாயில் காட்டு வாத்துகள் வழக்கத்தைவிட அதிகம். ஊர்க்காரர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசினார்கள்.

எல்லாம் ஊர்ச்சங்கம் வெளியூர் விருந்தாளிகளை வரவழைப்பதென்று முடிவு செய்ததில் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமில் நடக்கிற கூத்து இங்கே நடக்கக் கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. மரக்காலணி, துலிப் பூ, காற்றாலை பொம்மை எதுவும் கிடையாது. விருந்தாளிகள் விமானம் ஏறக் கூடாது. ரயிலில் வந்து, எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து ஊருக்குள் நுழைய வேண்டும். ஊரார் வீட்டிலேயே தங்கி, ஊரார் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும். போகும்போது அனுபவத்தைத் தவிர எதையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. சங்கத் தலைவர் சிக்கோ இந்தக் கடைசி விதியை இரண்டு முறை வாசித்தார். அனுபவமும் யாரிடமிருந்தோ எடுக்கப்படுவதுதான் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் வந்தவர்கள் கொலோன் நகரத்து ஆசிரியத் தம்பதி. உள்ளூர்க்காரர் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரும் பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்லாமல் அவர் மனைவிக்கும், அம்மாவுக்கும், பக்கத்து வீட்டாருக்கும், பக்கத்து வீட்டாரின் மைத்துனருக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லி, காபியோடு ஒரே ஒரு துண்டு கேக் வாங்கிக்கொண்டு உட்காருவார்களாமே, அது. அந்த வாரம் ஊரில் யாருக்கும் பிறந்தநாள் இல்லை.

“அதுக்கென்ன, என்னுதுன்னு வச்சுக்கங்க. எனக்கு வயசாகுறதுல ஒரு கஷ்டமும் இல்ல” என்றான் வீபெ. அவன் ஊரறிந்த வாயாடி.

வேறு ஊராக இருந்தால் அது வெறும் நாடகமாக முடிந்திருக்கும். தியார்தும்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லிப் பழகாதவர்கள். வட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் வாழ்த்திவிடுவார்கள். வாழ்த்தினால் மனதார வாழ்த்திவிடுவார்கள். சும்மா ஒரு பேச்சுக்கு வாழ்த்துவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மறுநாள் காலை வீபெக்குப் பால் பொட்டலத்தின் சின்ன எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் போலக் கழிவறைச் சுவரில் தொங்கும் பிறந்தநாள் நாட்காட்டியில், ஜூன் மாதப் பக்கத்தில், அவன் பெயர் இன்னொரு முறை இருந்தது. யாரும் எழுதவில்லை. அவன் மனைவி ரின்ஸ்கெ அதை ரப்பரால் அழித்துப் பார்த்தாள், அழியவில்லை; காபி போடப் போனாள்.

அந்த ஆசிரியத் தம்பதி தங்கள் ஊரில் போய் என்ன சொன்னார்களோ, அதற்குப் பிறகு எல்லோரும் வீபெயின் பிறந்தநாளையே கேட்டார்கள். அவனும் மறுக்கவில்லை. மாடுகளை விற்காமல் வைத்திருக்க அந்த வருமானம் உதவியது என்பது ஒன்று. ஊரில் நடமாட்டம் கூடியதால் பள்ளிக்கூட வாசலில் மறுபடி பேருந்து நிற்கத் தொடங்கியது என்பது இன்னொன்று. மழையில் நனைந்துகொண்டு சைக்கிளில் வந்து வாசலில் நிற்கிறவரிடம் இன்றைக்கு எனக்குப் பிறந்தநாள் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. இரண்டாவது கோடையின் நடுவில் அவனுக்கு ஐம்பது வந்தது. ஐம்பதைத் தொட்டவர் வாசலில் ஆபிரகாம் என்ற வைக்கோல் கிழவனை அண்டை வீட்டார் நிறுத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். சிக்கோவே தன் பழைய கோட்டை மாட்டி ஒன்றைக் கொண்டுவந்து நட்டார். ரின்ஸ்கெ அதைப் பார்த்து ஊரோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் போனவள் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. ஐம்பதுக்குமேல் போனவரை அவன் இவன் என்பது மரியாதை இல்லை என்பதால் இனி வீபெயை அவர் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பிறப்புச் சான்றிதழையும் வீபெயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வயதாவதற்குத் தடை ஏதும் இல்லை, ஆனால் முதியோர் ஓய்வூதியம் சான்றிதழின்படிதான் என்று சொல்லி, ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போனார். பயண நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஊரின் காற்றையும் கால்வாய்த் தண்ணீரையும் புல்லையும் சோதித்துவிட்டு, மூன்று ஆண்டுகளில் எதற்கும் ஒரு சேதமும் இல்லை, நாட்டுக்கே முன்மாதிரி என்று பாராட்டினாள். அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்த வீபெயின் கை நடுங்கியதை அவள் சோதிக்கவில்லை. அது அவள் வேலை இல்லை.

ரின்ஸ்கெ சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் பட்டப்பகலில் ஜன்னல்களுக்குத் திரை போட்டாள். தெருவில் ஒரு வீட்டுக்கும் திரை கிடையாது என்பதால், சாவு விழுந்ததோ என்று ஊரே கேக்கோடு வந்துவிட்டது. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் வாழ்த்தினார்கள், அதில் வீபெக்கு இன்னொரு வயது கூடியது. இன்னொரு முறை நாற்காலிகளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, எல்லோரையும் கொடுத்த வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னாள். பாதி பேர் வாங்கியும்விட்டார்கள். வீபெயின் தலையில் இரண்டு முடி கறுத்தது. அந்த நேரம் பார்த்து, வழி தவறித் தாமதமாக வந்த பெல்ஜியக்காரர் ஒருவர் கதவைத் திறந்து, அறையிலிருந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி வாழ்த்திவிட்டார். மூன்றாவது கோடை முடியும்போது வீபெ எழுபதைத் தாண்டியிருந்தார்.

அதற்குப் பிறகுதான் ரின்ஸ்கெ சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

“இத்தோட நிறுத்துங்க. இன்னும் ரெண்டு கோடை போனா எனக்குப் புருஷன் இருக்க மாட்டான்.”

“யாரு இல்லன்னு சொன்னா? ஆனா நிறுத்துனா பஸ்ஸும் நின்னுடும், ரின்ஸ்கெ” என்றார் சிக்கோ. “நிறுத்தணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. எல்லாருக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு பண்ணுவோம்.”

எல்லோருக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒன்றைச் செய்ய மூன்று கூட்டங்களும் ஏராளமான காபியும் தேவைப்பட்டன. இனி வீபெக்கு வாழ்நாள் விலக்கு. இயல்பாக வருகிற பிறந்தநாளைக்கூட அவர் கொண்டாட வேண்டாம். அவருக்குப் பதிலாக விருப்பமுள்ளவர்கள் முறை எடுத்துக்கொள்ளலாம். சிக்கோ பார்வையைச் சுற்றவிட்டார். எல்லோரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். ரின்ஸ்கெ மட்டும் கையைத் தூக்கினாள்.

“எல்லா வாரமும் எனக்கே போடுங்க.”

முதல் சனிக்கிழமை டென்மார்க்கிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ரின்ஸ்கெ நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊர் வாழ்த்தியது, டென்மார்க் வாழ்த்தியது. வீபெ மட்டும் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். கட்டிய கணவன் வாழ்த்தாத பிறந்தநாள் கணக்கில் சேராது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. வீபெயின் பிறந்தநாள் ஒன்றில்கூட ரின்ஸ்கெ வாழ்த்தாமல் இருந்ததில்லை. மறுநாள் ரின்ஸ்கெ அதே வயதில் எழுந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. குளிர்காலம் முழுக்கக் கேக்குகள் வீணாகின. டென்மார்க் குடும்பம், உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் விறைப்பானவர்கள் என்று எழுதிப்போட்டது.

வசந்தத்தில் ஒரு நாள், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது வீபெ வாய் திறந்தார்.

“உனக்குப் பைத்தியமா? நான் போனப்புறம் நாப்பது வருஷம் இருக்கு உனக்கு. நல்லா இரேன்.”

“அந்த நாப்பது வருஷத்துல நான் யாரு கூட சண்ட போடுறது? மாட்டு கூடவா?”

“சிக்கோ இருக்கான்.”

“அவன் கூட சண்ட போட்டா முடிவுக்கே வர மாட்டான்.”

வீபெ சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாக மாறியது. ரின்ஸ்கெ தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை டம்ளரை விடாமல் தானும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இங்க பாரு வீபெ. கல்யாணத்தப்ப நான் உன்னவிட ரெண்டு வயசு மூத்தவ. உங்கம்மா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு இருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அப்பவே விட்டுக் குடுக்கல. இப்ப நீ பாட்டுக்கு முன்னாடி ஓடிட்டா விட்டுடுவேனா?”

அடுத்த சனிக்கிழமை லீஜ் நகரத்திலிருந்து இரண்டு சகோதரிகள் வந்திருந்தார்கள். வட்டம் முழுக்க வாழ்த்தி முடிந்த பிறகு, வீபெ பையிலிருந்து கையை எடுத்தார். அதைக் கால்சட்டையில் துடைத்தார். மனைவியின் எதிரில் போய் நின்று, கையைப் பிடித்து, முறைப்படி கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார். வாழ்த்து மூன்றாவது முத்தத்தோடு வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ரின்ஸ்கெயின் காதோரம் ஒரு கொத்து நரைத்தது. வந்திருந்த சகோதரிகள் கைதட்டினார்கள்.

இரண்டு ஆண்டுகளில் ரின்ஸ்கெ கணவரை எட்டிப்பிடித்து, மேலும் இரண்டு சனிக்கிழமைகள் எடுத்துக்கொண்டு, தானும் விலக்கு வாங்கிக்கொண்டார். இப்போது சனிக்கிழமைகள் சிக்கோவுடையவை. பேருந்து மணிக்கு ஒன்று வருகிறது. வியார்தா தம்பதி மாலையில் இரட்டைச் சைக்கிளில் கரையோரம் போவதை விருந்தாளிகள் படம் எடுக்கிறார்கள்; இந்த ஊரில் மனிதர்கள் எவ்வளவு அழகாக முதுமை அடைகிறார்கள் என்று எழுதுகிறார்கள். முன்னால் உட்கார்ந்து திசை பார்ப்பது ரின்ஸ்கெ. பின்னால் இருப்பவர் மிதிக்கவே இல்லை என்று அவர் வழி நெடுகத் திட்டிக்கொண்டு போவது படத்தில் கேட்பதில்லை.