மூன்று மில்லிமீட்டர் இடைவெளி

குளியல் தொட்டிக்குக் குறுக்கே போட்டிருந்த பலகையில், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர் நின்றது. நான் அதன் கீழே குனிந்து, புதிதாக வாங்கி வந்த பழைய லென்ஸை மேல்நோக்கி வைத்துத் திருகினேன். மரை பிடிக்கவேயில்லை. கையைத் தளர்த்தியதும் லென்ஸ் திரும்ப என் உள்ளங்கையிலேயே வந்து உட்கார்ந்தது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். மறுபடியும் விழுந்தது. அளந்து பார்த்தபோது என்லார்ஜரின் தட்டில் இருந்த துளை நாற்பத்திரண்டு மில்லிமீட்டர், லென்ஸின் மரை முப்பத்தொன்பது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையோடு எங்கள் சலவைக்கூடத்தை மூடுகிறார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணியெல்லாம் லாரி ஏறி வேறு ஊருக்குப் போகும். என்னைத் தவிர அங்கே ஒன்பது பெண்கள். இரண்டு வருடமாக ஏப்ரன் பைக்குள் காமிராவை ஒளித்து வைத்து நான் அவர்களைப் படம் எடுத்திருந்தேன். கடைசி நாளில் அந்தப் படங்களை நிர்வாக அலுவலகத்து நடையில் மாட்டிவிட்டுப் போவது என்று முடிவானது. யோசனை என்னுடையது அல்ல, ஸ்லாவ்காவுடையது. "போறதுதான் போறோம், மூஞ்சியைக் காட்டிட்டுப் போவோமேடி" என்றாள். எங்கள் ஊரான ருசேயில் அப்போது கறுப்பு வெள்ளைப் படம் கழுவித் தர ஒரே ஒரு ஸ்டூடியோதான் இருந்தது. அதன் சொந்தக்காரர் எங்கள் ஆஸ்பத்திரி இயக்குநரின் மச்சான். ஆகவே எங்கள் வீட்டுக் குளியலறைதான் கதி. ஆனால் அந்த ஈரத்தில் என்னிடம் ஏற்கெனவே இருந்த லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. எந்த முகத்தைப் போட்டாலும் கஞ்சிக்குள் விழுந்த மாதிரி வந்தது.

சந்தையில் கடிகாரங்களும் காமிராக்களும் பரப்பி வைத்திருக்கும் கிரிகோரிடம்தான் இந்த லென்ஸை வாங்கினேன். நான் அதை வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, லென்ஸ் வாங்க வந்தியா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தியா? அதுல ஒரு கீறல் இருந்தா என் மீசையை எடுத்துடறேன்."

"மரை சேருமா?"

"கண்ணாடிக்கு நான் பொறுப்பு. உன் மிஷினுக்கு நீ பொறுப்பு."

மீசை பிழைத்தது. கண்ணாடி தண்ணீர் மாதிரி இருந்தது. மிஷின்தான் என் பொறுப்பாக நின்றது.

பால்கனியில் என் கணவன் மெத்தோடி குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான். பஸ் பணிமனையில் மெக்கானிக். வீடு முழுக்க தோல் கருகும் வாசனை. லென்ஸையும் தட்டையும் கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டினேன்.

"லேத்துல குடுத்தா அரை மணி நேரத்துல ஒரு வளையம் கடைஞ்சிடுவான்" என்றான். "ஆனா எங்க லேத்துக்காரன் லீவு. திங்கக்கிழமை வருவான்."

"நாளைக்கா?"

"அடுத்த திங்க."

"அப்ப அரத்தைக் குடு."

"நெவேனா, இது கேக் வெட்டற வேலை இல்ல."

"அரத்தைக் குடு மெத்தோடி."

சலவைக்கூடத்துக் கேன்டீனில் கழித்துப்போட்ட அலுமினியச் சாப்பாட்டுத் தட்டு ஒன்று வீட்டில் பூச்செடிக்குக் கீழே இருந்தது. அதன் அடிப்பாகத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தேன். காம்பஸால் வட்டம் போட்டேன். வட்டத்துக்கு உட்புறமாகவே கைத்துளைப்பானால் நெருக்கமாகத் துளைகள் இட்டு, நடுவில் இருந்ததைத் தட்டி விழவைத்தேன். மிச்சத்தை அரத்தால் ராவினேன். திங்கள் மாலை முழுக்க அதே வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்ததும் உட்கார்ந்தவள், நாலு முறை ராவுவதும் லென்ஸை வைத்துப் பார்ப்பதுமாக இருந்தேன். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் மறுபடி தொளதொளவென்று போய்விடும். இன்னொரு தட்டு கிடையாது. விரல் நுனியெல்லாம் அலுமினியப் பொடி ஏறிக் கறுத்துவிட்டது. கடைசியில் மரை துளைக்குள் இறுக்கமாக நுழைந்தது. லென்ஸோடு வந்திருந்த பூட்டு வளையத்தைப் பின்பக்கம் போட்டு முறுக்கினேன். பிடித்துக்கொண்டது. என்னையறியாமல் ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும். மெத்தோடி கரண்டியோடு ஓடி வந்து எட்டிப்பார்த்தான்.

செவ்வாயன்று அந்தத் தகட்டை என்லார்ஜரின் தட்டில் திருகி, முதல் நெகட்டிவைப் போட்டேன். ஸ்லாவ்கா, நீராவி இஸ்திரி மிஷினுக்குப் பக்கத்தில் நின்று நேராக என்னைப் பார்க்கும் படம். மூக்கு நுனியைப் பார்த்துக் கூர்மை வைத்து, வெளிச்சம் கொடுக்க ஆரம்பித்த ஐந்தாவது விநாடியில் ஃபியூஸ் போனது. மிளகாய் சுடும் மின்சார அடுப்பும் என்லார்ஜரும் ஒரே இணைப்பு. இருட்டில் நின்றபடி, எங்கள் பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னேன். மெத்தோடி அடுப்பை அணைத்துவிட்டு ஃபியூஸ் மாற்றினான். மறுபடி ஒரு தாள் வைத்தேன்.

சிவப்பு விளக்கின் கீழே டெவலப்பர் கரைசலில் அவள் மெல்ல மேலே வந்தாள். முதலில் கண்கள், பிறகு தலைத்துண்டு, பிறகு வாய். அவளுடைய வலது கன்னப் பக்கம் ஊசி முனை போலக் கூர்மையாக இருந்தது. காதோரத்து முடியை எண்ணிவிடலாம். அவளுடைய இடது கன்னப் பக்கம் மட்டும் கலங்கியிருந்தது.

ஸ்லாவ்காவின் இடது கன்னத்தில்தான் அந்தத் தழும்பு. நாலு வருடத்துக்கு முன்னால் இஸ்திரி மிஷினின் குழாய் விட்டுப்போய் நீராவி அடித்தது. காதிலிருந்து தாடை வரை தோல் சுருங்கி, பழுத்த இலை மாதிரி ஆகிவிட்டது. அந்தக் குழாயைப் பற்றி மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தோம். ஆனால் இயக்குநர் பதிவேட்டில் எழுதியது, 'ஊழியரின் கவனக்குறைவு'. இப்போது என் தாளில் அந்தக் கன்னம் வழவழவென்று, ஒன்றுமே நடக்காதது போல இருந்தது.

மெத்தோடி என் தோளுக்கு மேலாகப் பார்த்தான். "இதுவே நல்லாத்தானே இருக்கு? அவளுக்குப் பிடிக்கும்."

அவன் சொன்னது தப்பில்லை. எனக்கும் ஒரு கணம் அப்படித் தோன்றியது. மிச்சம் எட்டுப் பேர் இருக்கிறார்கள், நாட்கள் மூன்றுதான். ஆனால் இது அவளுக்காக நான் செய்த தயவு இல்லை. என் தகடு கோணலாக இருந்ததால் வந்தது. சாப்பாட்டுத் தட்டின் அடி எங்கேதான் சமமாக இருக்கும்? அவள் கன்னத்தை எப்படிக் காட்டுவது என்பதை ஒரு கோணல் தகடு முடிவு செய்வதா என்று நினைத்ததும் கை தானாகத் திருகாணியைக் கழற்றத் தொடங்கியது.

சமையலறை மேசையின் கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, அந்தத் தகட்டை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். தேய்ப்பதும், முகம் பார்க்கும் கண்ணாடி மேல் வைத்து அடியில் வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பார்ப்பதும். செவ்வாய் போயிற்று, புதனும் பாதி போயிற்று. மற்ற ஓரமெல்லாம் ஒட்டிய பிறகும் ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி மிஞ்சியது. மெத்தோடி தன் சிகரெட் சுற்றும் தாளில் ஒன்றைக் கிழித்து நீட்டினான். அதை மடித்து அந்த மூலையில் செருகித் திருகினேன்.

அடுத்த படத்தில் ஸ்லாவ்காவின் முகம் காதிலிருந்து காது வரை கூர்மையாக வந்தது. தழும்பின் ஒவ்வொரு மடிப்பும். வியாழன் மாலைக்குள் ஒன்பது பேரும் குளியலறைக் கொடியில் ஈரமாகத் தொங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் நிர்வாக நடையில் கூடினோம். எட்டுப் படங்களை மாட்டிவிட்டு, ஸ்லாவ்காவைத் தனியாக ஜன்னலோரம் கூப்பிட்டு அவளுடைய இரண்டு படங்களையும் கையில் கொடுத்தேன். கலங்கியதையும் சேர்த்து.

அதைத்தான் முதலில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாருடி இது, இவ்வளவு அழகா?"

"லென்ஸ் கோணலா இருந்தப்ப வந்தது அக்கா."

"எம் பொண்ணு மாதிரி இருக்கேன்." தலைத்துண்டை அவிழ்த்து, படத்தை அதில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அடுத்ததை எடுத்தாள். அவள் விரல் தாளைத் தொடாமல் தழும்பின் மேலாகவே மெல்லப் போனது.

"வேணாம்னா மாட்டல அக்கா. நீ சொல்றதுதான்."

"நீ பேசாம இரு. ஆணியைக் குடு."

நான் அவளுக்காக விட்டு வைத்திருந்த இடத்தை அவள் பார்க்கவேயில்லை. மற்ற எட்டு முகங்களையும் கடந்து நடையின் கோடிக்குப் போனாள். அங்கே இயக்குநரின் அறை. கதவைத் திறந்தால் எதிரே தெரிவது அந்தச் சுவர்தான். உள்ளே அவர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. ஸ்லாவ்கா ஓர் ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டு, இன்னொன்றைச் சுவரில் வைத்து அடித்தாள்.

சிரிப்பு நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தின் ஒரு மூலையை மாட்டினாள். அது சாய்ந்து தொங்கியது. தலையைச் சாய்த்து மட்டம் பார்த்துவிட்டு, உதட்டிலிருந்த ஆணியை எடுத்து, நிதானமாக, இரண்டாவதை அடிக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.