திம்மராயன் வண்டிக்குச் சத்தம் வேண்டும்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதுவாக வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது. தட்டியவர் திம்மராயன்.

ஒசூரில் வண்டி செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. எங்கள் பிரிவின் வேலை வண்டிக்குள் கேட்கும் சத்தத்தைக் குறைப்பது. எங்கே அதிர்கிறது, எங்கே உறுமுகிறது என்று தேடிப் பிடித்து, அங்கே ரப்பரையோ பஞ்சையோ வைத்து வாயை அடைப்போம். கதை எழுதுவது நானாகச் சேர்த்துக்கொண்ட வியாதி. திம்மராயன் எங்கள் வீட்டு ஓனருக்கு மாமன் முறை, சூளகிரிப் பக்கம் கொத்தமல்லியும் தக்காளியும் போடுகிறவர்.

"சார், நீங்க வண்டி சத்தத்துக்கு வைத்தியம் பாக்கறவராமே?"

"ஆமாங்க. எங்க சத்தம் வருது?"

"வரலைங்க. அதான் கஷ்டமே. கொஞ்சம் வர்ற மாதிரி பண்ணிக் குடுக்கணும்."

இப்படி ஒரு கோரிக்கையை என் சர்வீஸில் எவரும் வைத்ததில்லை. உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். அவர் சொன்னதுதான் இந்தக் கதை. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வண்டிக் கம்பெனி பேரப் போட்டுடாதீங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல." அதனால் போடவில்லை.

2

தொடக்கம் அமையவில்லை. எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

"கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தபோது நான்கு வழிச் சாலையில் வெள்ளி நிறத்தில் ஒரு—" வேண்டாம். கிழக்கு அதன் வேலையைப் பார்க்கட்டும்.

"மூன்று லிட்டர் பெட்ரோல் இஞ்சின், ஆறு சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் எந்நேரமும் இழுவை—" இதைப் படித்த என் மனைவி சத்யப்ரியா, "இதுக்கு எவ்ளோ குடுத்தாங்க?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

"திம்மராயன் நிலம் விற்ற காசில் வண்டி வாங்கினார்." இது உண்மை. ஆனால் இப்படிச் சொன்னால் உடனே நீங்கள் உச்சுக் கொட்டுவீர்கள். அவசியமே இல்லை. அது வெறும் கல்லுபூமி, தொழிற்பேட்டைக்குப் போனது, அவருக்குப் பரம சந்தோஷம். பெங்களூரில் சாஃப்ட்வேர்காரர் ஒருவர் அமெரிக்காவுக்கு மூட்டை கட்டும்போது விற்ற வெளிநாட்டு வண்டி அது. இரண்டாயிரத்து நான்காம் வருஷத்தில் சூளகிரி வட்டாரத்துக்கே அது ஒன்றுதான். ஊரில் அதற்குப் "பெரிய ஜீப்பு" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

(ஆனால் அது ஜீப்பே இல்லை. வம்பு தொடங்குவது இங்கேதான். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கேளுங்கள், இது என் தொழில். ஜீப்புக்குக் கீழே நீளமாக இரண்டு இரும்புச் சட்டம் இருக்கும், அதன்மேல் உடம்பைத் தூக்கி வைத்திருப்பார்கள். ரோடு கொடுக்கிற உதை அத்தனையும் நேராக உங்கள் இடுப்புக்கு வந்து சேரும். இந்த வண்டிக்குத் தனியாகச் சட்டமே கிடையாது, காரைப் போல உடம்பேதான் எலும்பு. ஒவ்வொரு சக்கரமும் தன் பள்ளத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். இஞ்சின் உட்கார்ந்திருப்பது உள்ளே திரவம் நிரப்பிய ரப்பர் மெத்தைமேல். கதவுக்கு இரட்டை ரப்பர். ஜீப்பின் உயரம் வேண்டும், ஜீப்பின் உதை வேண்டாம் என்ற பணக்காரர்களுக்காக முதல்முதலாகச் செய்த வண்டிகளில் ஒன்று. குறையும் உண்டு. வேகமாகத் திருப்பினால் தேர் மாதிரி ஒருபக்கம் சாயும். ஸ்டியரிங் வெண்ணெய், ஆனால் கீழே இருப்பது தார்ரோடா சேறா என்று கைக்குத் தெரியாது. பெட்ரோல் குடிக்கிற குடியில் ஒசூர் வரை இருக்கிற பங்க்காரர்கள் எல்லாம் திம்மராயனுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.)

3

வண்டி வந்த மறுநாளே கொத்தமல்லிக் கட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒசூர் மார்க்கெட்டுக்குப் புறப்பட்டார்கள். முன்சீட்டில் சரசம்மா, திம்மராயனின் மனைவி. இருபது வருஷமாக இதே பாதை, இதே கட்டு. அப்போது பழைய டீசல் ஜீப். ஜீப்பில் அவள் பேசிக்கொண்டே வருவாள். இஞ்சின் இரைச்சலிலும் கித்தான் கூரையின் படபடப்பிலும் அவள் வாய் அசைவது மட்டும் திம்மராயனுக்குத் தெரியும். அசைவு நிற்கும்போது ஒரு "ம்" போடுவார். பெண்டாட்டி பேச்சுக்குக் குறுக்கே போகாத நல்ல புருஷன் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது.

பேரண்டப்பள்ளி தாண்டும்போது காதுக்குப் பக்கத்தில் யாரோ பேசினார்கள். திம்மராயன் ரேடியோவைப் பார்த்தார். அது அணைந்திருந்தது.

"...அதனால மேஸ்திரிய அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லிட்டேன். மொதல்ல ஆறு ரூம்பு. கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணியாச்சு, குடிக்கலாமாம்."

"எந்த ரூம்பு?"

சரசம்மா திரும்பிப் பார்த்தாள். இந்தப் பாதையில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"என்னாங்க இப்படிக் கேக்கறீங்க? ரோட்டோர நெலத்துல கட்டற ரூம்புதான். மதுரை, திருநெல்வேலின்னு எங்கெங்கியோ இருந்து கம்பெனி வேலைக்கு வர்ற பொண்ணுங்க தங்கறதுக்கு. மூணு வருசமா சொல்லிக்கிட்டு வர்றேன், நீங்களும் 'ம்'னீங்க. மகளிர் கொழுவுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. சமையல அதுல இருக்கற நாராயணம்மா பாத்துக்கறேன்னுட்டா."

(வீட்டில் அவர்கள் பேச்சு பாதி தெலுங்கு, பாதி தமிழ். கோபம் வந்தால் முழுத் தெலுங்கு. உங்கள் வசதிக்காக எல்லாவற்றையும் தமிழாக்கிப் போடுகிறேன்.)

அந்த ரோட்டோர நிலத்தைத்தான் பெங்களூர் பார்ட்டி ஒருவரின் குடோனுக்குத் தருவதாகப் புரோக்கர் கோவிந்தப்பனிடம் திம்மராயன் வாக்குக் கொடுத்திருந்தார். பத்திரப் பதிவு அடுத்த புதன்கிழமை. மேஸ்திரி வருவதற்கு முந்தின நாள். சரசம்மாவுக்கு இது தெரியாது.

திரும்பி வரும்போது இன்னும் பல சங்கதிகள் காதில் விழுந்தன. அவருடைய பழைய கைக்கடிகாரத்தைச் சரசம்மா தன் தம்பிக்குக் கொடுத்ததற்கு அவர் "ம்" சொல்லியிருக்கிறார். மகள் கல்யாணத்தில் அவருடைய சொந்த அக்காவுக்குப் பட்டுச்சேலை வேண்டாம் என்றதற்கும் "ம்" சொல்லியிருக்கிறார். அக்கா இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாததன் காரணம் அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது.

4

சரசம்மா விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மூன்று வருஷத் திட்டத்தை வீட்டில், சோறு போடும்போது, சத்தமில்லாத இடத்தில் சொல்லியிருக்கலாமே? ஏன் ஜீப்பைத் தேர்ந்தெடுத்தாள்? அங்கே கேட்டால் "ம்" நிச்சயம் என்று தெரிந்து கேட்டாளா?

திம்மராயனிடம் இதைச் சொன்னபோது பதறிப்போனார். "சேச்சே, அவ சூது வாது தெரியாதவ சார். வூட்ல ஆளு அம்பு, மாடு கன்னு, பேச எங்க நேரம்? ஜீப்புலதான் நாங்க ரெண்டு பேரு மட்டும்."

கதையை இந்த இடம் வரை படித்த சத்யப்ரியா வேறு தீர்ப்புச் சொன்னாள். "தெரிஞ்சுதான் கேட்டிருப்பா. தப்பென்ன? அந்த மனுஷன் மட்டும் சொல்லிட்டா விக்கறாரு? ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க." அவள் திருநெல்வேலிக்காரி, ஒசூருக்கு வந்த புதிதில் தங்க இடமில்லாமல் ஒரு மாடிப்படி அறையில் ஏழு பேரோடு இருந்தவள். அவள் ஓட்டு சரசம்மாவுக்குத்தான். என்னால் முடிவு செய்ய இயலவில்லை. இரண்டு சரசம்மாவையும் விட்டு வைக்கிறேன்.

5

அந்த ஒரு வாரத்தில் திம்மராயன் செய்த முயற்சிகளைக் கேளுங்கள். கண்ணாடியை இறக்கினார், அவள் தூசி என்று ஏற்றினாள். பாட்டைச் சத்தமாக வைத்தார், அவள் தலைவலி என்று அணைத்தாள். கடைசியாகத் தளி தாண்டி ஜவளகிரிக் காட்டோரத்து மண்பாதையில், குலதெய்வத்தைச் சாக்கிட்டு, குண்டும் குழியும் தேடித் தேடி ஓட்டினார். அங்கேயாவது கடகடக்கும் என்று நம்பிக்கை. வண்டி ஒவ்வொரு குழியிலும் மெத்தென்று இறங்கி மெத்தென்று ஏறியது. "நல்ல வண்டிங்க," என்றாள் சரசம்மா, "பேசிக்கிட்டே போவலாம்."

ஞாயிற்றுக்கிழமை அதில் என்னையும் ஒரு சுற்று கூட்டிப்போனார். தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. இஞ்சின் ஓடுகிறதா என்று மீட்டர் முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கிட்டேன் சார். சைலன்சர்ல ஒரு ஓட்டை போட்டுக் குடுங்களேன்."

"பாவம்ங்க. அந்தப் பாவத்த நான் பண்ண மாட்டேன். இவ்ளோ அருமையா காதுல விழுதே, கேட்டா என்ன?"

அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சொன்னார். "கேட்டுட்டா பதில் சொல்லணுமேங்க. வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வராது. சரின்னு சொன்னா கோவிந்தப்பன் முன்னால தலை நிமிர முடியாது. பயமா இருக்குது சார்."

அந்தப் பயத்தை நான் கிண்டல் செய்யப் போவதில்லை.

6

புதன்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. போன் போட்டேன், திம்மராயன் எடுக்கவில்லை. இனி ஸ்டியரிங் என் கையில், நானோ லைசென்ஸ் இல்லாதவன்.

முடிவு ஒன்று: அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார், சரசம்மா— இல்லை. இதை எழுத எனக்கே கை வரவில்லை.

முடிவு இரண்டு: பத்திர ஆபீசுக்குப் போகும் வழியில் நல்ல நேரம் பார்த்து வண்டி நின்றுவிடுகிறது. பொய். அந்த இஞ்சின் நிற்காது. என் சோம்பேறித்தனத்துக்கு அதன்மேல் பழி போடமாட்டேன்.

முடிவு மூன்று: திம்மராயன் புரோக்கர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "இது என் மனைவியின் கனவு—" சத்யப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சரி, நடந்திருக்கக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். புதன்கிழமை காலை கதவுக்குக் கீல் வாங்க வேண்டும் என்று சரசம்மாவும் கூட வருகிறாள். முந்தின நாள் சாயங்காலமே நாராயணம்மா மூலம் அவளுக்குப் பத்திரச் சேதி எட்டிவிட்டது. ஏறி உட்கார்ந்தவள் வாயைத் திறக்கவில்லை. சூளகிரி போகிறது, பேரண்டப்பள்ளி போகிறது. வண்டிக்குள் அவள் வளையல் உரசுவது கேட்கிறது, மூச்சு கேட்கிறது. ஒரு வாரமாக எது நிற்க வேண்டும் என்று தவித்தாரோ அது நின்றுவிட்டது, திம்மராயனால் தாங்க முடியவில்லை.

ஒசூருக்குள் நுழைந்து, பத்திர ஆபீசுக்குத் திரும்புகிற முனையில் வண்டியை நிறுத்துகிறார்.

"ஏன் சரசு, ஒண்ணியும் பேச மாட்டேங்கற?"

"இருவது வருசம் நான் பேசியாச்சுங்க. இன்னிக்கு நீங்க பேசுங்க. எதுக்கு விக்கறீங்க, என்னைய எதுக்குக் கேக்கல, எல்லாம் சொல்லுங்க. நான் கேக்கறேன்."

திம்மராயன் வாயைத் திறக்கிறார்.

"அது வந்து, கோவிந்தப்பன்கிட்ட வாக்கு—"

"உன்னையக் கேக்காம நான்—"

"ஆறு ரூம்பு போதுமா, இல்ல—"

7

கடைசியாக அவர் வாயில் வைத்த மூன்று பேச்சும் நான் எழுதியவை, மூன்றையும் அடித்துவிட்டேன். முதலாவதில் அவர் ஒளிந்துகொள்கிறார். இரண்டாவது அவருக்கு வாயில் வராது. மூன்றாவது உங்கள் கைதட்டலுக்காக நான் வைத்தது.

இனி உங்கள் பாடு. பின்சீட்டில்தான் இருக்கிறீர்கள். முணுமுணுத்தாலும் முன்னால் கேட்கும், அந்த மாதிரிச் செய்திருக்கிறார்கள் வண்டியை. அவருக்கு என்ன வார்த்தை எடுத்துக் கொடுப்பீர்களோ கொடுங்கள். ஆனால் அவளுக்கும் கேட்கும் என்பதை யோசித்துக்கொண்டு கொடுங்கள்.

திம்மராயன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏசி மட்டும் மெல்லியதாக இரைந்துகொண்டிருந்தது. சரசம்மா கையை நீட்டி அதையும் அணைத்தாள்.