நாற்பதா ஐம்பத்தைந்தா

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது என்று தொடங்கத்தான் நினைத்திருந்தேன். அது பொய். துணி உலர்த்தும் இயந்திரத்தின் மணியில் பிறந்தது.

பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. வெல்டா பட்டறை மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். நான் காபிக் கோப்பையோடு கதவருகே நின்று, அவள் கேட்காத ஆலோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருட மணவாழ்க்கையில் எங்கள் வேலைப் பிரிவினை அதுதான்: தோட்டா செய்வது அவள், குறை சொல்வது நான்.

"நாப்பது காத்துல பறந்துரும் வெல்டா. பஞ்சு மாதிரி."

"சுடத் தெரியாதவன் காத்தக் குத்தம் சொல்லுவான்."

"அம்பத்தஞ்சு போடு. கனமா நேராப் போவும்."

"உன்ன மாதிரியா? கனம் சரி டெல்மர். நேரா எப்பப் போன?"

மணி அடித்தது. அவள் எழுந்தாள்.

"துணி காஞ்சிருச்சு. முடிவு பண்ணிட்டேன், வந்து சொல்றேன்."

வரவில்லை. உலர்த்தியின் கதவைத் திறந்தபடியே விழுந்திருந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர்.

2

[இங்கே ஒரு திருத்தம். வெல்டா சொன்னது "துணி காஞ்சிருச்சு, வர்றேன்" மட்டும்தான். "முடிவு பண்ணிட்டேன்" நான் சேர்த்தது. அது இல்லாமல் நீங்கள் அடுத்த பக்கத்துக்கு வருவீர்களா என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் சுத்தப் பொய்யும் இல்லை. ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன்.]

நாங்கள் கிழக்கு ஒரெகானில் மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் பயிரிடுகிறவர்கள். விளைச்சலில் பாதியை நாங்கள் அறுக்கிறோம், மீதியைத் தரை அணில்கள். அவற்றைச் சுடுவதற்கென்றே வெல்டா ஒரு துப்பாக்கிக்குச் சொல்லிவைத்திருந்தாள். அவள் தோள், அவள் கை, அவள் கண்ணுக்கு அளவெடுத்துச் செய்வது. கல்யாணத்துக்குக்கூட அவள் அளவெடுத்துத் தைத்த உடை போடவில்லை. தங்கையின் உடையை ஊசி குத்திச் சரிசெய்து போட்டுக்கொண்டாள்.

நாற்பது, ஐம்பத்தைந்து என்பதெல்லாம் குண்டின் எடை, கிரெயின் கணக்கில். ஏழாயிரம் கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஆக, நானும் அவளும் நான்கு மாதம் சண்டை போட்டது ஒரு பவுண்டில் ஏழாயிரத்தில் பதினைந்து பங்குக்கு. பேச்சு நின்றுபோன வாரங்களும் அதில் உண்டு.

(மருந்து என்று நான் எழுதும் இடமெல்லாம் வெடிமருந்து என்று கொள்க. இன்னொரு மருந்து, அவளுடைய ரத்த அழுத்தத்துக்கு எழுதிக்கொடுத்தது, குளியலறை அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. இதைக் கதைக்குள் வைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டுப் போகிறேன்.)

3

துப்பாக்கி செய்பவன் பெயர் ஆரின். அடக்கத்துக்கு மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டான்.

"டெல்மர்... அது வந்து..."

"சொல்லு."

"வருத்தமா இருக்கு."

"தெரியும்."

"ரொம்ப."

"ஆரின், நீ எதுக்குக் கூப்ட்ட?"

"குழலு வந்துருச்சுப்பா. தொண்ட வெட்டணும். எந்தக் குண்டுன்னு தெரியாம எப்பிடி வெட்டுறது? மாதிரிக்கு மருந்தில்லாத தோட்டா ஒண்ணு அனுப்புறேன்னு சொல்லிருந்தா."

தொண்டை என்பது குழலில் குண்டு வந்து நிற்கும் இடம். குண்டைப் பார்த்துத்தான் அதை வெட்டுவார்கள். ஒருமுறை ஆழமாக வெட்டிவிட்டால் வெட்டியதுதான்.

"ரெண்டுக்கும் பொதுவா வெட்டிரு," என்றேன்.

"வெட்டலாம். ரெண்டுக்கும் ஆகாத துப்பாக்கி ஒண்ணு கிடைக்கும். அது மேல எம்பேரப் போடமாட்டேன். அவ பேரயும் போடமாட்டேன். அவ எதச் சொன்னா?"

"வந்து சொல்றேன்னு சொன்னா."

"சரி. வெள்ளிக்கெழமைக்குள்ள அனுப்பு."

[ஆரின் இந்தக் கதையில் அளவுக்கு மீறிப் பேசுகிறான். உண்மையில் "வருத்தமா இருக்கு"வுக்கும் "குழலு வந்துருச்சு"க்கும் இடையில் நான் ஒரு முட்டை பொரித்து முடித்தேன்.]

4

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

முதல் வரைவு: மேசையில் திருகி வைத்த மருந்தளக்கும் கருவியின் குடுவையில் மருந்து இருந்தது. எந்தக் குண்டு என்று முடிவு செய்யாமல் வெல்டா குடுவையில் மருந்து ஊற்றமாட்டாள். வேகமாக எரிவதை நாற்பதுக்கும், சற்று நிதானமாக எரிவதை ஐம்பத்தைந்துக்கும் என்று இரண்டு டப்பா வாங்கி வைத்திருந்தாள். ஆக, அவள் முடிவு அந்தக் குடுவைக்குள் இருந்தது. எந்த டப்பாவிலிருந்து ஊற்றினாள் என்பதுதான் தெரியவில்லை. பாவம், டப்பாவைப் பக்கத்தில் வைக்க மறந்து

இரண்டாம் வரைவு: வெல்டா மறக்கிறவள் இல்லை. குடுவையில் மருந்து இருக்கும்வரை அதன் டப்பா கருவிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இந்த வேலை செய்கிற யாரும் மீறாத விதி அது. ஆகவே வேறு யாரோ டப்பாவை

மூன்றாம் வரைவு: நான்தான்.

அடக்கத்தன்று பதினொரு வீட்டார் சீஸ் போட்ட உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் துக்கத்துக்குத் தெரிந்த ஒரே சமையல் அது. சமையலறையில் ஏழுக்குத்தான் இடம். மிச்சம் நான்கை வைக்கப் பட்டறை மேசையை ஒழித்தேன். கருவிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நின்றது. எடுத்தேன், அலமாரியில் அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தேன். பேர்கூடப் பார்க்கவில்லை. துடைத்த மேசையைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அந்த மேசையை நான் சுத்தம் செய்தது அன்று ஒருநாள்தான்.

5

வியாழக்கிழமை. வெள்ளைத் தாளில் மூன்று சிட்டிகை: இடப்பக்கம் ஒரு டப்பா, வலப்பக்கம் இன்னொரு டப்பா, நடுவில் குடுவை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்றும் குட்டிக் குட்டிச் சாம்பல் குச்சிகள். குடுவையில் இருந்தது இடப்பக்கத்துக்கு உறவு போலத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் வலப்பக்கத்துக்கு.

ஆரினுக்குப் போன் போட்டேன்.

"கொஞ்சம் கறுப்பா இருக்குறது எது ஆரின்?"

"டெல்மர்."

"சும்மாதான் கேக்குறேன்."

"கண்ணால பாத்து மருந்து சொன்னவன் ஒருத்தன எனக்குத் தெரியும். இப்ப ஒத்தக் கண்ணால பாக்குறான்."

"நான் சுடப் போறதில்லடா. அவ குடுவைல எத ஊத்துனான்னு தெரிஞ்சாப் போதும்."

"அது குடுவைல இருந்தா தப்பு. மறந்துபோய் ஒருநாள் சுட்ருவ. கொட்டிரு." அப்புறம் மெதுவாக, "அவளா இருந்தா உன்ன இந்நேரம் வெளிய தள்ளிருப்பா."

தள்ளியிருப்பாள். அதோடு நிறுத்தியிருக்கவும் மாட்டாள். "முப்பத்தொரு வருஷம் பக்கத்துல நின்னு என்னதான்யா பாத்துக்கிட்டிருந்த?" என்று கேட்டிருப்பாள். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரித்திருப்பாள்.

[முந்தைய வரியை அடிக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கட்டும்.]

நல்ல கதைசொல்லி இங்கே ஒரு துண்டுச்சீட்டைக் கண்டுபிடித்துக் கொடுப்பான். அவள் கோட்டுப் பையில், அவள் கையெழுத்தில், "40" என்று. நானும் தேடினேன். பையில் இருந்தது ஒரு இருமல் மிட்டாய்.

குடுவையைக் கழற்றினேன். அவள் எடுத்த கடைசி முடிவு என் உள்ளங்கை கொள்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வைத்துக்கொள்ளலாம், ஒரு ஜாடியில் மூடி, மேலே எதுவும் எழுதாமல். அவள் அதற்குத்தான் அதிகம் கோபப்படுவாள், நான் சண்டையில் ஜெயிப்பதைவிடவும். வெளியே எடுத்துப்போய் வடக்குச் சுவரோரம் இருக்கும் லைலாக் புதரின் அடியில் கொட்டினேன்.

6

முடிவு ஒன்று. நான் நாற்பதை அனுப்புகிறேன். அவள் ஜெயிக்கிறாள். ஆனால் அவள் குடுவையில் ஊற்றியது ஐம்பத்தைந்துக்கான மருந்தாக இருந்தால்? கடைசியில் என் பேச்சைக் கேட்க முடிவு செய்திருந்தால்? முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒருமுறை இறங்கி வந்தவளை நானே திருப்பி அனுப்பியதாக ஆகும்.

முடிவு இரண்டு. ஐம்பத்தைந்தை அனுப்புகிறேன். எதிராளி எழுந்து போன பிறகு காயை நகர்த்தி ஜெயித்தவன் ஆகிறேன்.

முடிவு மூன்று. துப்பாக்கியே வேண்டாம் என்கிறேன். அணில்கள் ஜெயிக்கின்றன. [இதற்கு ஆரின் சம்மதிக்கவில்லை.]

வெள்ளிக்கிழமை காலை ஒரு குண்டை எடுத்தேன், காலித் தோட்டாக் கூட்டில் அழுத்தி உட்காரவைத்தேன், பஞ்சில் சுற்றித் தபாலில் போட்டேன். எது என்று ஆரினுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லமாட்டேன். அடுத்தவன் மருந்துக் கணக்கை அப்படியே எடுத்துப் போடக்கூடாது என்பது இந்த வேலையின் வழக்கம். கொஞ்சத்தில் தொடங்கி அவரவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். வெல்டா என்ன செய்திருப்பாள் என்று இப்போது உங்களுக்கும் என் அளவுக்குத் தெரியும். அதாவது, தெரியாது. மேசையில் இரண்டு குண்டுப் பெட்டிகளும் திறந்திருக்கின்றன. எடுங்கள்.

வெடிமருந்து செடிக்கு நல்ல உரம் என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அந்த லைலாக்கை அளந்து பார்த்தேன். ஒரு அங்குலம்கூட வளரவில்லை.