அரைப் பேர்

இருமினால் ஒழுகும். தும்மினால் ஒழுகும். கொழுந்துக் கூடையோடு ஒரு தண்ணீர்க் கானைத் தாண்டினாலும் ஒழுகும். நாலு பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அப்படித்தானாம், மண்ணாங்கட்டி.

கொஸ்லந்தைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு கொழுந்து எடுக்கிற பெண்கள் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டோம். மலையில் கக்கூஸ் கிடையாது. லயத்துக்கு இறங்கிப் போய் வந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். அதனால் அடக்குவோம். அடக்கியும் ஒழுகியதுதான் எனக்கு அவமானம்.

மறுபடியும் காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வந்தபோது பதுளைக்கு பஸ் ஏறினேன். அங்கே மூத்திரக் கோளாறுக்கென்றே படித்த டாக்டர் நிரஞ்சலா இருந்தார், பசாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சோதித்து முடித்ததும் வெட்கத்தை விட்டு ஒன்று கேட்டேன்: வேலை முடியும்வரை மூத்திரமே வராமல் நிறுத்துகிற மாத்திரை தாருங்கள். அப்படியொரு மாத்திரை இருக்கிறது என்றுதான் எங்கள் லயத்தில் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. என் மேல் இல்லை. தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கித்தான் கிருமி பிடிக்கிறது, இப்படியே போனால் கிட்னிக்கு ஏறிவிடும் என்றார். காய்ச்சலுக்கு மருந்து எழுதினார். இடுப்புக்குக் கீழே தளர்ந்துபோன தசையை இறுக்கிவிடப் பயிற்சி சொல்லித் தந்தார்.

"பயிற்சி செஞ்சா ஒழுகுறது கொறையும்மா. ஆனா தண்ணி குடிக்கணும், வந்தா போகணும். யார் சொன்னாலும் அடக்கக் கூடாது."

"அரைப் பேர் போடுவாங்களே, டாக்டர்."

"ஏன்னு கேளுங்க. நீங்க வெக்கப்படுற வரைக்கும் போடத்தான் செய்வாங்க."

காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பிய அன்று மலைக்குத் தண்ணீர் கொண்டுபோய் எல்லாரும் பார்க்கக் குடித்தேன். வெயில் ஏறியதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்துப் பக்கம் நடந்தேன். எங்கே போகிறாய் என்று மேலே நின்ற கங்காணி ஜெயராசா கத்தினார். வழக்கமாக வயிற்றுவலி என்போம், பிள்ளைக்குச் சுகமில்லை என்போம்.

"மூத்திரம் போறேன்," என்றேன். மலை முழுக்கக் கேட்டது.

அவர் முகம் கறுத்துவிட்டது. பொம்பளை பேசுகிற பேச்சா இது என்றார். அரைப் பேர்தான் என்றார்.

"போடுங்க. சாயந்தரம் தொரைகிட்ட ரெண்டு பேரும் போவோம். இந்த ரெங்கம்மா மூத்திரம் போனா, அதுக்குப் பாதிச் சம்பளத்த வெட்டிட்டேன்னு ஒங்க வாயால சொல்லுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை. இத்தனை வருஷமும் அதே சொல்லுக்குப் பயந்துதானே நாங்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி நடந்தேன்.

பின்னால் ஒரு கூடை இறங்கும் சத்தம் கேட்டது. பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் மீனாம்பாள். மாமியார் முன்னால்கூட வாய் திறக்காதவள்.

"நானும் மூத்திரம் போறேன், கங்காணி."

அதற்குப் பிறகு கூடையை இறக்கியவர்கள் யாரும் காரணம்கூடச் சொல்லவில்லை. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தேன். மலையில் கங்காணி மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார்.