பைனல் நாளில் ஒரு ஜனாஸா

நனைத்த பஞ்சை உதட்டருகே கொண்டுபோனபோது ரசூல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மருதை வந்தாச்சா?"

"வந்துடுவாருங்க. என் தம்பி விடியக்காலையிலேயே போயிருக்கான். வாயைத் திறங்க," என்றாள் மனைவி நசீரா.

இரண்டு சொட்டு உள்ளே போனது. மீதி தாடியில் வழிந்தது. பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்பும்படி டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரசூல் கேட்டது ஒரே ஓர் ஆளை. பொன்மலை கூடைப்பந்து டீமில் ஆடும் மருதையை.

அன்று சாயங்காலம் பைனல், பாலக்கரைக்கும் பொன்மலைக்கும். அரையிறுதியில் பாலக்கரை ஸ்ரீரங்கத்தை ஜெயித்ததை ரசூல் படுக்கையில்தான் கேட்டார். மற்றபடி பாலக்கரை ஆடி அவர் போகாத மேட்ச் கிடையாது. டிரங்குப் பெட்டிக் கடையைச் சாத்திவிட்டு ஒரு தகரத் துண்டையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். பாலக்கரைக்காரன் கூடை போட்டால் பக்கத்தில் இருப்பவனுக்குக் காது அடைக்கும். தொண்டை கட்டித் திரும்பி வந்து, சுக்குத் தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டுவார். நசீராவுக்கு ஆட்டம் தெரியாது. கை அசையும் வேகத்திலிருந்தே ஜெயிப்பா தோல்வியா என்று கண்டுகொள்வாள்.

போன வருஷத்துப் பைனலில் மருதை பந்தோடு விழுந்து வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டான். பாலக்கரை பின்தங்கியிருந்தது, நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. ரசூல் தகரத்தைத் தட்டி, "நாடகம்! நாடகம்!" என்று கத்தினார். மைதானம் முழுக்கச் சேர்ந்து கத்தியது. மருதை எழுந்து கடைசிவரை ஆடினான். அதன்பிறகு மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக் கிடந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. இந்த வருஷம் மறுபடி ஆட வந்துவிட்டான். பேர்தான் அவனை விடவில்லை. பாலக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சின்னப் பிள்ளைகள்கூட, "டோய், நாடகம் வருதுடோய்" என்றன. ஒருநாள் கடை வாசலிலேயே அதைக் கேட்டார் ரசூல். மருதை திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தான்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அல்லாவுக்குச் செஞ்ச தப்புன்னா அழுது தொழுது கேட்டுக்கலாம், நசீரா. மனுசனுக்குச் செஞ்சதை அந்த மனுசன்தானே மன்னிக்கணும்?"

பொன்மலைக்குப் புறப்படுவார். ரயில்வே கேட்டோடு திரும்பி வந்துவிடுவார்.

நண்பகல் லுஹர் பாங்குக்குச் சற்று முன்னால், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கண் அப்படியே நின்றது. நசீரா அவர் காதில் கலிமாவைச் சொல்லிக்கொண்டே இமைகளை மூடினாள்.

தம்பி சேக் மைதீன் அதற்குப் பிறகுதான் வந்தான்.

"மருதை எங்கேடா?"

அவன் சுவரைப் பார்த்தான். "நான் போகலைக்கா."

"போகலையா?"

"இன்னிக்குப் பைனலு. காலையில போய்க் கூப்பிட்டா, அவன் மனசைக் கலைக்கத்தான் பாலக்கரைக்காரனுங்க இப்படி ஆள் அனுப்புறானுங்கன்னு பேசுவாங்க. மச்சானுக்குத்தானே அசிங்கம்? மேட்ச் முடிஞ்சதும் கையோட கூட்டிட்டு வந்துடலாம்னு... ராத்திரி வரைக்கும் இருப்பாங்கன்னு நெனச்சேன்க்கா."

நசீரா அவனைத் திட்டவில்லை.

"இப்பப் போ. மவுத்துன்னு சொல்லு."

"இனிமே அவன் வந்து எதுக்குக்கா?"

"போடா."

பிற்பகல் அஸர் தொழுகைக்கு ஜனாஸாவைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். கூடம் நிறைய ஆட்கள். புருஷனை இழந்தவள் தனித்திருக்க வேண்டிய இத்தா தொடங்கிவிட்டதால் நசீரா வெளி ஆண்கள் முன் வரக்கூடாது. வெள்ளைச் சேலையில், உள்ளறைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"பாய் இருந்திருந்தா இந்நேரம் தகரத்தைத் துடைச்சு வெச்சிருப்பாரு," என்றது ஒரு குரல்.

"அங்க போயும் பாலக்கரைக்குத்தான் துஆ கேட்பாரு."

"கேட்பாரு, கேட்பாரு. தகரம் இல்லாம எப்படிக் கேட்பாரு?"

மெல்லிய சிரிப்பு சட்டென்று அடங்கியது. வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து ஒருவன் உள்ளே வந்தான். சட்டைக்குக் கீழே பொன்மலை டீமின் அரை நிஜார். கழற்றிய கான்வாஸ் ஷூ கையில் இருந்தது.

"அட, நாடகம்..." என்று பழக்கத்தில் சொல்லிவிட்ட ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ரசூலுக்கும் நசீராவுக்கும் பிள்ளை இல்லை. அதனால் ஜனாஸாவை வைத்த சந்தூக்கைத் தூக்குமுன் கேட்க வேண்டியதை மைதீன்தான் எழுந்து கேட்டான்.

"எங்க மச்சான் யாரு மனசாவது நோகும்படி ஏதாவது செஞ்சிருந்தா, பேசியிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சுடுங்க."

"மன்னிச்சோம், மன்னிச்சோம்," என்றன குரல்கள். எல்லாம் தெரிந்த குரல்கள். நசீரா இன்னொரு குரலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

"மைதீன்," என்றாள் திரைக்குள்ளிருந்து. "பேரைச் சொல்லிக் கேளு."

மைதீன் மருதை பக்கம் திரும்பினான். "மருதை அண்ணே... அந்தப் பேரை உங்களுக்கு வெச்சது மச்சான்தான். உங்களைப் பார்த்து மாப்புக் கேட்கணும்னு காலையிலேயே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. கூப்பிட வராதது நான்தான். என் தப்பு."

மருதை கையிலிருந்த ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மாவே ஒருநாள் கோவத்துல அப்படிக் கூப்பிட்டுருச்சுங்க," என்றான்.

நசீராவின் விரல்கள் திரைத்துணியைக் கசக்கின. கேட்டவரும் இல்லை, சொல்ல வேண்டியவன் சொல்லவும் இல்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?

"தொழுகைக்கு நேரமாகுது," என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத்.

சந்தூக் எழுந்தது. முன்பக்கம் பிடித்திருந்த பெரியவர் தடுமாறினார். மருதை ஷூவைச் சுவரோரம் வைத்துவிட்டு அந்த இடத்தில் போய்த் தோள் கொடுத்தான். அவன் பக்கம் உயர்ந்து சந்தூக் பின்னால் சரிந்தது.

"பார்த்து, பார்த்து!"

"உனக்கு மேட்ச்சுக்கு நேரமாகலையாப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

அவன் முழங்கால்களை மடக்கி, மற்றவர்களின் உயரத்துக்குத் தன்னை இறக்கிக்கொண்டான். சந்தூக் மட்டத்துக்கு வந்தது.

நசீரா உள்ளறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மடக்கிய கால்களை நிமிர்த்தாமல், வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்து, சந்து திரும்பும்வரை அவன் அப்படியே நடந்தான்.