சுபம் என்று ஒரு விதி

“ஏளா ஜெஸ்மி, அந்த மனுசன் ஒருத்தருதான் ஒன்னயப் பொண்ணு கேட்டு வந்திருக்காரு. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்,” என்றாள் ஜெபகனி. அரிசி களைந்துகொண்டிருந்த மகள் தலை நிமிரவில்லை.

கேட்டு வந்தவர் சாத்தான்குளத்துக் கடைக்காரர் கிருபாநிதி. வயது ஐம்பத்தொன்று, மனைவி இறந்து ஆறே மாதம். ஜெஸ்மிக்கு இருபத்தாறு. துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி மோதி அவள் புருஷன் செத்து இரண்டு வருடம் ஆகிறது.

“ஒங்கம்பெனி ஆப்புல என்னயப் போட்டு எட்டு மாசமாச்சுக்கா. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. அந்தக் கெழவருக்கு மட்டும் அதுலயே நூறு பேரு கேக்காவளாம். எம்மூஞ்சி அவ்வளவு கேவலமாவாக்கா இருக்கு?” என்று உள்ளே பார்த்துக் கேட்டாள் ஜெஸ்மி.

பக்கத்து அறையில் லேப்டாப்போடு இருந்த அக்கா ஜெமிமாவுக்குச் சுருக்கென்றது. அந்த வரன் பார்க்கும் ஆப்பில் யாருக்கு யாரைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் டேட்டா சயின்டிஸ்ட் அவள்தான். தங்கையின் பதிவைத் திறந்தாள். பார்த்தவர்கள்: பூஜ்யம். யாருக்குமே காட்டப்படவில்லை.

பாவி, காரணம் அவளுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன், பாதிப் பேருக்கு விதவைகளைக் காட்டியும் மீதிப் பேருக்குக் காட்டாமலும் சோதித்தாள். காட்டாத பக்கம் நூற்றுக்கு நாலு அழைப்பு கூடியது. விதவைகளை மொத்தமாகக் கடைசிக்குத் தள்ளி ஒரு விதி எழுதி, ‘சுபம்’ என்று பெயரும் வைத்தாள். பிறகு மறந்தே போனாள். அதற்குக் கம்பெனி கொடுத்த கேடயத்தை ஷோகேஸில் தினமும் துடைப்பவள் ஜெஸ்மி.

ஜெமிமா அழுதுகொண்டே தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அவரும் பொண்டாட்டி செத்தவருதான? அவர எங்கக்கா வச்சிருக்க?”

ஆண்களுக்கு அந்த விதி கிடையாது. “முதல் பக்கத்துல,” என்றாள் ஜெமிமா. சொல்ல நாக்கு கூசியது.

மேனேஜருக்குப் போன் போட்டாள். “உங்க தங்கச்சிய மட்டும் முன்னாடி கொண்டாந்துரலாம். விதியைத் தொட்டீங்கன்னா உங்க வேலை போயிரும்,” என்றார் அவர்.

“என்ன மாதிரி எத்தன பேருக்கா பின்னால நிக்கோம்?” என்றாள் ஜெஸ்மி.

“பதினோராயிரம்.”

“அப்ப நான் மட்டும் வரல.”

“ஏளா, ரெண்டு பேருமா சோத்துல மண்ண அள்ளிப் போடுதியளே!” என்று ஜெபகனி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் ஜெமிமா ‘சுபம்’ விதியை நிறுத்தியிருந்தாள். அப்போது மணி நாலு.

ஆறு மணிக்குக் கம்பெனி ‘சுபம்’ விதியை மறுபடி ஓடவிட்டது. ஜெமிமாவின் வேலையும் போயிருந்தது.

வாசலில் கிருபாநிதியின் கார் வந்து நின்றது. ஜெஸ்மி முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

“யம்மா, அவர அப்படியே திரும்பிப் போவச் சொல்லு. ரெண்டு மணி நேரத்துல என்னய நாப்பத்தோரு பேரு பாத்திருக்காவ.”