கம்பெனி மூடப்பட்ட ஆண்டு

புத்தகத்தில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. நூற்றுப் பதினேழாம் பக்கத்தின் கடைசி வரி: 'இவ்வாறாகக் கம்பெனி ......... ஆம் ஆண்டு மூடப்பட்டது.' ஒன்பது புள்ளிகள். அவள் கணவர் எண்ணித்தான் வைத்திருப்பார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஆறு வருஷமாக ஒரு பழைய ஸ்பானர் கம்பெனியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். போயும் போயும் ஸ்பானரா என்று யாராவது கேட்டால், "ராஜாக்களைப் பத்தி எழுத ஆள் இருக்கு" என்பார். வியாழக்கிழமை தவறாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாலு மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, மறுநாளுக்காகச் செருப்பைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அச்சகக்காரர் போன் மேல் போன் போட்டார்.

"அக்கா, ஏதாவது ஒரு வருஷத்தைப் போட்டுடலாமே. யாரு கேக்கப் போறா?"

"அவரு கேப்பாரு."

"அக்கா, அவருதான்..."

"தெரியும்."

"சரி, மேலட்டைக்குப் படம் எடுக்கணும். அந்தக் கம்பெனி ஸ்பானர் ஒண்ணாவது வீட்டுல இருக்குமில்ல?"

இருந்தது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் நோட்டில் எழுதியிருந்த கம்பெனி விலாசத்தைத் தேடி ஒரு வியாழக்கிழமை அவளே கிளம்பினாள்.

மூன்றாவது மாடி. பல் டாக்டருக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரு கதவு. உள்ளே நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு குமாஸ்தா.

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்கம்மா."

எடுத்தாள். குமாஸ்தா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, யாருமில்லாத அறையைச் சுற்றிப் பார்த்து, "ஒண்ணாம் நம்பர்" என்று உரக்கக் கூப்பிட்டார்.

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"மூடின வருஷமா? நாங்க இன்னும் மூடலையேம்மா."

"ஸ்பானர் செய்யறீங்களா?"

"அதை நிறுத்தி முப்பத்தோரு வருஷம் ஆச்சு. அது வேற விஷயம். வாங்கினவங்க உயிரோட இருக்கற வரைக்கும் கேரண்டின்னு முதலாளி வாக்கு குடுத்துட்டாரு. ஆளுக்கு ஒரு அட்டை. ஒருத்தர் இருந்தாலும் கம்பெனி இருக்கணும். ஒரு காலத்துல இங்க பதினெட்டு குமாஸ்தா. அவங்க குறையக் குறைய நாங்களும் குறைஞ்சோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க யாரு, வாத்தியார் வீட்டம்மாவா? சாரை நாலு மாசமா காணோம். மூணாவது அத்தியாயம் கொஞ்சம் இழுவைன்னு சொல்லிட்டேன். அந்தக் கோவமோன்னு இருந்தேன்."

அவள் பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்துத் தடுப்புக்கு அடியில் தள்ளினாள். குமாஸ்தா முத்திரை வரைக்கும் படித்தார். எழுந்து நின்றார். பிறகு எதற்கு எழுந்தோம் என்று மறந்தவர்போல உட்கார்ந்தார்.

ஓர் இழுப்பறையைத் திறந்து, வாத்தியார் பெயரிலிருந்த அட்டையை எடுத்து, 'முடிந்தது' என்று முத்திரை குத்தினார். முத்திரை பாதிதான் விழுந்தது. மறுபடி குத்த அவருக்கு மனசு வரவில்லை.

"அவருதான் கடைசியா?" என்று கேட்டாள். "அப்போ மூடினது இந்த வருஷம்னு போட்டுக்கலாமா?"

"போட முடியாதும்மா. இன்னொரு அட்டை இருக்கு."

அதில் இருந்தது அவள் பெயர்.

"சார் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்து, கண்ணாடிப் பெட்டியில மாதிரிக்கு வெச்சிருந்த ஸ்பானர் பீஸைக் கேட்டாரு. விக்கலாமான்னு எனக்கு நானே மனு எழுதி, ஒரு வாரம் பரிசீலிச்சு, நானே ஒப்புதல் குடுத்தேன். யார் பேருக்குன்னு கேட்டேன். 'என் வீட்டுக்காரி பேருக்கு. எனக்கு முன்னாடி போகமாட்டா, பிடிவாதக்காரி'ன்னாரு."

அவளுக்கு நினைவு வந்தது. கல்யாண நாள். ஜிகினாத் தாளில் சுற்றிய பொட்டலம். கனத்தைப் பார்த்து வளையல் என்று நினைத்துப் பிரித்தவள், மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அப்புறம் அந்த ஸ்பானரால் ஆணி அடித்தாள். காலண்டர் ஆணி, கண்ணாடி ஆணி, கொடிக்கயிற்று ஆணி. நாலு மாதத்துக்கு முன் அவருடைய படத்தை மாட்டிய ஆணியும் அதால் அடித்ததுதான்.

"கொண்டு வந்திருந்தா காட்டுங்கம்மா. வருஷத்துக்கு ஒரு சோதனை உண்டு."

காட்டினாள். குமாஸ்தா திருகைச் சுழற்றிப் பார்த்தார். ஸ்பானரின் வாயைத் திறந்து மூடிப் பார்த்தார். பக்கவாட்டில் விரலை ஓட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே குழிகுழியாக இருந்தது.

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு பலகை. ஏழாவது விதி: 'சுத்தியலாகப் பயன்படுத்தினால் உத்தரவாதம் ரத்து.'

அவளும் படித்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அட்டை ரத்தாகும், கம்பெனி இன்றே மூடும், ஒன்பது புள்ளிகளும் நிரம்பும், புத்தகம் முடிந்துவிடும். இதற்காகத்தானே மூன்று மாடி ஏறி வந்தாள்.

"நீங்க உள்ளதைச் சொன்னா நான் எழுதித்தான் ஆகணும்" என்றார் குமாஸ்தா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தபடி. "இது எப்படி ஆச்சு?"

அவள் அந்தப் பாதி முத்திரையைப் பார்த்தாள்.

"கீழ விழுந்துடுச்சு."

"எத்தனை தடவை?"

"ஒரு ஏழெட்டு தடவை."

"அத்தனை தடவையும் அதே இடத்துலயா?"

"அதே இடத்துலதான் சார்."

குமாஸ்தா குறிப்புப் பத்தியில் 'கீழே விழுந்தது' என்று எழுதி, இந்தத் தடவை முத்திரையை அழுத்தமாகக் குத்தினார்.

"அடுத்த சோதனை வர்ற வியாழக்கிழமை."

"வருஷத்துக்கு ஒண்ணுன்னீங்களே?"

"விதிப்படி ஒண்ணுதான்" என்றார் அவர். "பீஸ் அடிக்கடி விழுதே."

படி இறங்கும்போது அச்சகக்காரரின் போன் வந்தது.

"அக்கா, வருஷம் கிடைச்சுதா?"

"இல்ல. புள்ளியை அப்படியே அச்சடிச்சுடுங்க."

"வெறும் புள்ளியா? எத்தனை?"

"ஒம்போது" என்றாள். "எண்ணிப் போடுங்க."